கட்டைவிரல் வர எடுக்கும் நேரம்

ஊசி போட்டு எட்டு நிமிஷம் ஆகிறது, கால்மாட்டுச் சுவரில் கடிகாரம் இருக்கிறது, இன்னும் இருபது நிமிஷம் போகட்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் ரூபவதி பக்கத்து அறைக்குப் போயிருக்கிறார், மருந்து இறங்கி உள்ளங்கை வெளுக்க வேண்டுமாம், வெளுத்தால்தான் ரத்தம் வழியாமல் வெட்டலாம், அதுவரை நான் இப்படியே மல்லாந்து கிடக்க வேண்டும். வலது கையைப் பக்கவாட்டில் ஒரு பலகைமேல் நீட்டி வைத்திருக்கிறார்கள். தோளுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பச்சைத் துணி. துணிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, கை என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கட்டுக்கு மேலே குத்தியபோது வலித்தது, உள்ளங்கையில் குத்தியபோது வலிக்கவில்லை, "வலிச்சா சொல்லுங்கய்யா" என்றார் எஸ்தர் சிஸ்டர், வலிக்காததை எப்படிச் சொல்வது, பதினோரு மாதமாக அந்த இடத்தில் கொதிக்கிற டீத் தம்ளரே வலித்ததில்லை. மயக்கம் கிடையாது. போன முறை மயக்கம் கொடுத்து அறுந்த நரம்பைச் சேர்த்தார்கள், நூறு வரை எண்ணச் சொன்னார்கள், ஆறோ ஏழோ எண்ணினேன், அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை, அது நன்றாக இருந்தது என்று வீட்டுக்காரி சீனியம்மாளிடம் சொல்லப்போய், அவள் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். இந்த முறை முழித்திருக்க வேண்டும். "உங்களுக்கு வேலை இருக்கு அண்ணாச்சி, தூங்கிறாதீங்க" என்று டாக்டர் சொன்னார். மணி பதினொன்று. நூல் மில்லில் இருபத்திரண்டு வருஷம் இரவு ஷிப்ட் பார்த்தவனுக்குப் பகல் பதினோரு மணி என்றால் நடுச்சாமம். கண் இழுக்கிறது. விளக்கு மட்டும் தூங்க விடாது, அண்டா மூடி அளவு விளக்கு, அதன் விளிம்புத் தகட்டில் துணிக்கு அந்தப் பக்கம் இருப்பது சின்னதாகத் தெரிகிறது, வெளுப்பாக, உரித்த கோழி மாதிரி ஒன்று. அதைப் பார்க்கக் கூடாது. பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை.

மோதிர விரலுக்கு இரண்டு நாண் உண்டாம். விரலை மடக்குகிற கயிறுதான் நாண், வில்லில் கட்டுகிறோமே அதே பெயர், பழைய புத்தகக் கடையில் வாங்கிய உடற்கூறுப் படப்புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, அட்டை இல்லாத புத்தகம், இப்போது மில் கேட்டில் காவல் வேலை, அங்கே உட்கார்ந்து அதை மூன்று தடவை படித்துவிட்டேன், எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அது போதும். இரண்டில் ஒன்றை அறுத்து, உள்ளங்கை வழியாக இழுத்துக்கொண்டுபோய்க் கட்டைவிரலில் தைப்பார்கள். மோதிர விரல் மிச்சமிருக்கிற ஒரு நாணை வைத்துப் பிழைத்துக்கொள்ளும். கட்டைவிரலின் அடிச்சதை செத்துவிட்டது, சேர்த்த நரம்பு அங்கே போய்ச் சேரவில்லை, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும் என்றார்கள், மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை நூலை வைத்து அளந்து பார்த்தேன், பதினெட்டு சென்டிமீட்டர், ஆறு மாதம். சேர்த்து எட்டு மாதம் ஆகியும் நுனியில் எறும்பு ஊருகிற மாதிரி ஒன்று, அதுவும் நினைத்தால்தான் இருக்கிறது. "எல்லாருக்கும் கணக்குப்படி வந்துராது அண்ணாச்சி. நரம்பு மனுஷன மாதிரி. சிலது வழியில உக்காந்துரும்" என்றார் டாக்டர். நல்ல பெண். என் தங்கச்சி மகள் வயது இருக்கும். தைத்து முடித்த பிறகு மோதிர விரலை மடக்க நினைத்தால் கட்டைவிரல் வருமாம். ஒன்றை நினைத்தால் இன்னொன்று. வந்தால் சைடு. வராவிட்டால் கேட், அதுவும் அடுத்த பொங்கல் வரைதான். அய்யனார் மேஸ்திரி அவ்வளவுதான் சொன்னார், வேறு சொல்லவில்லை, அவர் கெட்டவர் இல்லை. "ஒரே கையால கும்பிடு போடுற வாட்ச்மேன் நம்ம மில்லுக்கு எதுக்குடா தவசி, சீக்கிரம் சரி பண்ணிட்டு வா" என்று சிரித்தார், நானும் சிரித்தேன்.

சைடு என்றால் நூற்கிற மிஷினின் ஒரு பக்கம். சுற்றுகிற கதிர்க்கம்பி ஐநூறு, இழை ஐநூறு, ஒவ்வொன்றும் நூலாக முறுக்கேறிச் சுற்றிக்கொண்டிருக்கும். எங்காவது ஒன்று அறுந்துகொண்டே இருக்கும். ஓடிப்போய்க் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து ஒரு முறுக்கு, ஒட்டிக்கொள்ளும், கண்ணால் பார்த்து ஒட்டினால் முடிச்சு தடிக்கும், விரலுக்குத்தான் தெரியும், விரலுக்கு மட்டும். கவனிக்காமல் விட்டால் அறுந்த பஞ்சு மேலே உருளையில் போய்ச் சுற்றி இறுகிவிடும். அதைக் கத்தியால் கீறி எடுக்க வேண்டும். கத்திகள் மேஸ்திரி மேஜையில் ஒரு பெட்டியில் நம்பர் போட்டு இருக்கும், கீறும்போது எடுக்கணும், உடனே திருப்பி வைக்கணும், கையில் கட்டக் கூடாது என்று போர்டில் எழுதியிருக்கிறது. மேஜை அறுபது கஜத்துக்கு அந்தப் பக்கம். போய்விட்டு வருவதற்குள் இருபது இழை அறுந்திருக்கும். அதனால் எல்லோரும் கட்டுவோம். இரும்பறுக்கிற ஆக்ஸா பிளேடு உடைந்த துண்டு ஒன்று, கல்லில் தீட்டியது, பின்பக்கம் துணி சுற்றி, நாலு இழை சேர்த்து முறுக்கிய நூலால் மணிக்கட்டில் ஒரு கண்ணி. மேஸ்திரி வந்தால் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வோம். அவருக்கும் தெரியும், அவரும் ஒரு காலத்தில் கட்டியவர்தான். அன்றைக்கு ஆறு மணிச் சங்குக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது, நூலின் வால் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, வெட்டி விட்டிருக்க வேண்டும், வெட்டவில்லை, ஒரு கதிர் அதைப் பிடித்துக்கொண்டது. கதிர் சுற்றுவது கண்ணுக்குத் தெரியாது, நிற்கிற மாதிரி இருக்கும். நூல் இழுபட்டது, கண்ணி இறுகியது, கத்தி திரும்பி மணிக்கட்டின் உள்பக்கம் படுத்தது. பிறகு இழுத்தது. சத்தம் கூட இல்லை. இதில் எங்கே ஒரு நொடி இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

டாக்டர் வந்துவிட்டார், உள்ளங்கையைத் தட்டிப் பார்க்கிறார் போலிருக்கிறது, பலகை அதிர்கிறது. "ஆரம்பிக்கிறோம். இழுக்கிற மாதிரி இருக்கும், வலி இருக்காது." சரிங்கம்மா என்றேன். ஒரு இழுப்பு. தூரத்தில் யாரோ என் சட்டைக் கையைப் பிடித்து இழுப்பதுபோல. எஸ்தர் சிஸ்டரும் இன்னொரு பெண்ணும் கேண்டீன் சாம்பாரைப் பற்றிப் பேசுகிறார்கள். "அதுல பருப்பு இருந்துச்சுன்னு நிரூபிச்சா நான் வேலைய விட்டுர்றேன்" என்கிறாள் அந்தப் பெண். "நீ விட்டாலும் பருப்பு வராதுடி." டாக்டரும் சிரிக்கிறார், கத்தி நிற்கவில்லை. மில்லிலும் இப்படித்தான், இரைச்சலுக்கு நடுவே வாய் அசைவைப் பார்த்தே சிரிப்போம். அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. கீழே கிடந்த கழிவுப் பஞ்சை ஒரு பிடி அள்ளி வெட்டின்மேல் வைத்து அழுத்தி, அதன்மேல் நூலைச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டு, சங்கு ஊதும் வரை சைடு பார்த்தேன். அது பெரிய விஷயம் இல்லை, எல்லோரும் செய்வதுதான், பஞ்சு ரத்தத்தைக் குடித்துவிடும். கத்தியைக் கண்ணியோடு அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டேன், கீழே போட்டால் கட்டியது தெரிந்துவிடும், தெரிந்தால் என்னோடு போகாது, அய்யனார் மேஸ்திரி தலையும் உருளும். காலையில் மில்லுக்கு எதிரே கிளினிக்கில் ஐந்து தையல். எதில் வெட்டியது? கண்ணாடி. டீத் தம்ளர் உடைந்துவிட்டது. விரலை அசை என்றார்கள், அசைத்தேன், போதும் என்றார்கள். விரல் செத்தது பத்து நாள் கழித்து வீட்டில் தம்ளரைப் பிடித்துக்கொண்டு செய்தித்தாள் படிக்கும்போதுதான் தெரிந்தது, "ஏங்க, கொப்புளம்" என்று சீனியம்மாள் கத்தினாள், ஆள்காட்டி விரலில் தோல் உப்பி நின்றது, நான் தம்ளரை வைக்காமலே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் அவள் கணக்கில் சேர்ந்திருக்கும்.

ஏனென்றால் அதற்குள் அவள் சட்டையை ஊறவைக்கப்போய்க் கத்தியை எடுத்திருந்தாள். கேட்கவில்லை. கண்ணாடி என்றுதான் அவளிடமும் சொல்லியிருந்தேன், இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொன்னால் எங்காவது வெளியே வந்துவிடும் என்று. ஒரு வாரம் கழித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் காலி பவுடர் டப்பா ஒன்று கிடந்தது, ஆட்டினேன், சத்தம் வந்தது, திறந்தேன், கத்தி, அதன்மேல் சுருட்டி வைத்த நூல், காய்ந்து கறுத்துப்போய். மூடி அதே இடத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு சவர பிளேடுகள் வீட்டில் இல்லை, சலூனுக்குப் போங்க என்றாள், எதிர்வீட்டு அண்ணன்கூட அங்கேதான் போகிறாராம். அரிவாள்மனை பரணுக்கு ஏறியது, கழுத்து வலிக்குது, குனிஞ்சு நறுக்க முடியல என்றாள், காய் எங்கே எப்போது நறுக்குகிறாள் என்று இன்றுவரை தெரியாது. ஒரு நாள் தூங்கி எழுந்து குளிக்கப் போனால் கதவில் தாழ்ப்பாள் இல்லை. நாலு திருகாணி ஓட்டை மட்டும். "துருப்பிடிச்சிருந்துச்சு, கழட்டிட்டேன்." அது போன வருஷம் நான் மாட்டிய தாழ்ப்பாள். குளிக்கும்போது கதவுக்கு வெளியே அவள் நிற்பது கீழ் இடுக்கில் தெரியும், இரண்டு கால், மெட்டி. "தண்ணி போதுமா?" என்பாள். போதும். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "தண்ணி போதுமா?" பதினோரு மாதமாக ஒவ்வொரு நாளும் ஒரு வாளித் தண்ணீருக்கு மூன்று தடவை, நான்கு தடவை. அப்படி இல்லை சீனி, கத்தியைக் கட்டியிருந்தேன், நூல் சிக்கிக்கொண்டது. பத்து வார்த்தைகூட வராது. சோப்பு முகத்தோடு உட்கார்ந்து தினமும் அதை வரிசைப்படுத்துவேன். சொன்னால் தாழ்ப்பாள் திரும்பி வரும். சொல்லவில்லை. ஏன் என்றால், கட்டியது உண்மை, சிக்கியது உண்மை, அதற்கு நடுவில் இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொன்னால் அதுவும் கண்ணாடித் தம்ளர் மாதிரிதான்.

நூல் இழுபடுவதைப் பார்த்தேன். அதுதான். கதிர் வாலைப் பிடித்தது, நூல் விறைத்தது, கத்தி திரும்பியது, எல்லாவற்றையும் பார்த்தேன், பார்த்துக்கொண்டே நின்றேன். கையை இழுக்கவில்லை. ஒரு நொடி இருக்கும். நாலு இழை நூல், வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும், அறுந்த நூலோடுதானே பிழைப்பு. அந்த ஒரு நொடியில் மனசில் என்ன இருந்தது என்று ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்கிறேன், காலி அறை மாதிரி இருக்கிறது, விளக்கு எரிகிறது, ஆள் இல்லை. அதற்குச் சில மாதம் முன்னால் ஒரு காலையில் ஷிப்ட் முடிந்து வந்து பாயில் விழுந்தபோது, "இப்படியே எந்திரிக்காமப் போயிட்டா நல்லாருக்கும்" என்று சொன்னேன். அசதியில் சொல்வதுதான். யார்தான் சொல்வதில்லை. சீனியம்மாள் ஜன்னலுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தாள், வெளிச்சம் விழாமல் இருக்க, பாதி கட்டிய கையோடு திரும்பிப் பார்த்தாள், பிறகு மறு முனையைக் கட்டினாள். அவள் அன்றைக்கே ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். கத்தி கிடைத்தபோது இரண்டையும் சேர்த்துவிட்டாள், தடிப்பே தெரியாத மாதிரி. அவள் தப்பு என்று எப்படிச் சொல்வது. கத்தியைக் கட்டினேன், நூல் சிக்கியது, நான் நின்றேன். சிக்கியது, நின்றேன். நின்றேன் என்றால் யார் நின்றது.

"அண்ணாச்சி. தூங்கிட்டீங்களா?" இல்லை என்றேன், தூங்கியிருக்கலாம், கடிகாரத்தில் பன்னிரண்டு ஆகப்போகிறது. "நாணைக் கட்டைவிரல்ல வச்சு லேசாப் பிடிச்சிருக்கேன். இறுக்கம் சரியான்னு பாக்கணும். தளர்ந்தாலும் வராது, ரொம்ப இறுகினா விரியாது. இப்ப உங்க வேலை. மோதிர விரலை மடக்குங்க." மடக்கினேன். "மடக்குங்க அண்ணாச்சி." மடக்கிவிட்டேனே. "இல்ல, வரல. அவசரமில்ல, மடக்குறதா நினைங்க." நினைக்கிறேன். மோதிர விரலே மடங்கு. தோளிலிருந்து ஏதோ கிளம்பிப் போகிறது, பச்சைத் துணி வரைக்கும் தெரிகிறது, அதற்கப்புறம் தெரியவில்லை, கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுக் காது கொடுத்து நிற்கிறேன். எஸ்தர் சிஸ்டர் பேச்சை நிறுத்திவிட்டார். டாக்டரின் மூச்சு முகமூடிக்குள் கேட்கிறது. வராது போலிருக்கிறது. வராவிட்டால் கேட், அடுத்த பொங்கலோடு கேட்டும் இல்லை, அதற்காக நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும், அடித்துக்கொள்ளவில்லை, விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "கண்ணைத் திறந்து இங்க பாருங்க. சிஸ்டர், துணிய இறக்குங்க." கண் திறந்துதான் இருந்தது. துணி இறங்கியது. உள்ளங்கை மெழுகு நிறத்தில் மல்லாந்து கிடந்தது, நடுவில் கோடு கோடாய்த் திறந்திருந்தது, கட்டைவிரல் பக்கவாட்டில், பதினோரு மாதமாக இருக்கிற அதே இடத்தில். மடக்கு என்றேன், மோதிர விரலைப் பார்த்து, மனசுக்குள். ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றும் இல்லை. பிறகு கட்டைவிரல் கிளம்பியது. நான் நகர்த்துவதாகத் தெரியவில்லை, யாரோ எங்கிருந்தோ நூலை இழுப்பது மாதிரி அது எழுந்து, உள்ளங்கைக்குக் குறுக்கே வந்து, ஆள்காட்டி விரலின் நுனியில் முட்டி நின்றது. "வந்துருச்சு!" என்றார் எஸ்தர் சிஸ்டர். "தொட்டுட்டீங்கய்யா, தெரியுதா?" தெரியவில்லை. இரண்டு மரக்கட்டை ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கிறது, யாருக்குத் தெரியும். "இன்னொரு தடவை" என்றார் டாக்டர். மடக்கு. காத்திருந்தேன். உத்தரவு போய்விட்டது, கை வரவில்லை, அந்த இடைவெளியில் நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். விளக்கு எரிகிறது, ஆள் இல்லை. அப்புறம் வந்தது. இந்த இடம் எனக்குத் தெரியும். இங்கே முன்பே வந்திருக்கிறேன். அன்றைக்கும் இழு என்று சொல்லியிருப்பேனோ, சொல்லித்தான் கை வரவில்லையோ, இல்லை, சொல்லவே இல்லையோ, உள்ளேயிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. "இன்னொரு தடவை." வந்தது. இன்னும் கொஞ்சம் சீக்கிரம்.

துணியை மறுபடி ஏற்றிவிட்டார்கள். தைக்கிறார் போல, சின்னச் சின்ன இழுப்பு. "கண்ணாடி இல்லம்மா" என்றேன், துணியைப் பார்த்து. "என்ன அண்ணாச்சி?" "கையில வெட்டுனது. கண்ணாடி இல்ல. கத்தி. மணிக்கட்டுல கட்டியிருந்தேன், மிஷின் இழுத்துருச்சு." இழுப்பு ஒரு நிமிஷம் நின்றது. "கண்ணாடி இப்படி நேரா வெட்டாது. முதல் தடவை திறந்தப்பவே எனக்குத் தெரியும்." "நீங்க கேக்கவே இல்லையே." "மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் டீத் தம்ளர்னு சொன்னீங்க. நாலாவது தடவை கேட்டா காப்பித் தம்ளர்னு சொல்லிருவீங்களோன்னு விட்டுட்டேன்." எஸ்தர் சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. "வெளியில இருக்கிற அக்காவும் என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க, போன தடவையே. இவரா வெட்டிக்கிட்டதா இருக்குமான்னு. அது காயத்துல தெரியாதும்மா, அவர்கிட்டதான் கேக்கணும்னு சொன்னேன்." கேட்டிருக்கிறாள். என்னைத் தவிர எல்லோரிடமும் கேட்டிருக்கிறாள். மாவுக்கட்டு சூடாக இருக்கும் என்றார்கள், சூடு முழங்கைப் பக்கம் மட்டும் தெரிந்தது. மூன்று வாரம் விரலை அசைக்கக் கூடாது, அசைக்க நினைக்கவும் கூடாது, நினைத்தால் நாண் பிய்ந்துவிடும். "ஒண்ணும் நினைக்காம இருக்கிறது கஷ்டம்தான், பழகிக்கங்க" என்றார் எஸ்தர் சிஸ்டர். எனக்கு அதில் பழக்கம் உண்டு என்று சொல்லவில்லை.

வராந்தாவில் சக்கர நாற்காலியைச் சுவரோரம் நிறுத்திவிட்டுப் போனார்கள். சீனியம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள், ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் என் செருப்பு. முதலில் கட்டைப் பார்த்தாள், அப்புறம் முகத்தை. "வலிக்குதா?" இல்லை. "விரல் வந்துச்சா?" வந்துச்சு. தலையை ஆட்டினாள், செருப்பைக் கீழே வைத்தாள், இடது காலுக்கு வலது செருப்பு. மாற்றி வைக்கக் குனிந்தாள். "தண்ணி வேணுமா?" என்றாள் குனிந்தபடியே. அவள் தலை உச்சியில் நரை அதிகமாகியிருந்தது. "பவுடர் டப்பால இருக்கே கத்தி" என்றேன். செருப்பைப் பிடித்த கை அப்படியே நின்றது. "அதைக் கையில கட்டியிருந்தேன். மில்லுல எல்லாரும் கட்டுவோம், கட்டக் கூடாது, அதான் கண்ணாடின்னு சொன்னேன். நூல் கதிர்ல சிக்கிருச்சு." அவள் எழவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பதினோரு மாதமாக வரிசைப்படுத்தியது அவ்வளவுதான், வார்த்தைகூட அதிகம் இல்லை. "சிக்குனதைப் பாத்தேன் சீனி. இழுத்திருக்கலாம். ஒரு நொடி இழுக்கல. ஏன்னு எனக்கே தெரியல." யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள், அவள் நகர்ந்து வழிவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் காலைத் தூக்கிச் செருப்புக்குள் நுழைத்தாள், மற்றதையும். நிமிர்ந்து, பாட்டில் மூடியைத் திறந்தாள், திறந்து கையிலேயே வைத்திருந்தாள். "இப்பச் சிக்குனா இழுப்பீங்களா?" நினைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். எதையும் நினைக்காமல் இருந்தேன். அந்த இடம் வந்தது, விளக்கு, ஆளில்லாத அறை, அவள் மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், போகட்டும் என்று காத்திருந்தேன். "இழுப்பேன்" என்றேன். கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அவள் பாட்டிலை என் இடது கையில் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு பாட்டிலை வாங்கிக்கொண்டு, "பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்ல ஒரு இரும்புக் கடை இருக்கு. போற வழியில தாழ்ப்பாள் ஒண்ணு வாங்கிட்டுப் போயிருவோம்" என்றாள்.